எஞ்சினில் ஒரு டக் டக்: 100 சிசி பைக்கின் சத்தத்தை வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

என்னிடம் இருக்கும் 100 சிசி வண்டியில் ஒரு மழைக்காலத்தில் டக் டக் என்று ஒரு சத்தம் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பலமாகக் கேட்கும். பத்து நிமிடம் ஓட்டினால் தேய்ந்து காணாமல் போகும். டேப்பெட் (வால்வை அழுத்தும் கைக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளியைச் சரிசெய்யும் திருகு) என்று நினைத்து இரண்டு முறை டேப்பெட்டைச் சரிசெய்தேன். மறுநாள் காலை அதே சத்தம். கடைசியில் கோளாறு எஞ்சினுக்குள்ளேயே இல்லை. அது எங்கே இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குப் பிறகு எந்தச் சத்தம் வந்தாலும் நான் ஒரே ஒழுங்கில்தான் தேடுகிறேன்: வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கு. இடம் உறுதியாகத் தெரியும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றுவதில்லை.

இங்கே சொல்லப்போவது ஸ்ப்ளெண்டர், பேஷன் போன்ற வண்டிகளில் இருக்கும், சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்திருக்கும் எஞ்சினை மனதில் வைத்து. இந்தியாவில் 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது நம் தெருக்களுக்கு அறிமுகமான அமைப்பு இது. 97.2 சிசி, ஒரே சிலிண்டர், இரண்டு வால்வு. இவ்வளவு எளிய எஞ்சினில் கற்றுக்கொண்டால் மற்ற வண்டிகளிலும் காது பழகிவிடும்.

முதலில், எப்போது வண்டியை நிறுத்திவிட வேண்டும்

எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து டொக் டொக் என்று கனமான சத்தம் வந்து, ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக அது பலமானால் ஓட்டாதீர்கள். திடீரென்று பெரிய சத்தம் வந்து வண்டி இழுக்கத் திணறினாலும் அப்படித்தான். பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்போம் என்று ஓட்டினால், பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் (பிஸ்டன் சுற்றிவிடும் முக்கியத் தண்டு), பிளாக் (சிலிண்டர் இருக்கும் பகுதி) என்று வளரும். தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது லோடு ஆட்டோவில் ஏற்றுங்கள்.

இன்னொன்று. சோதனை எல்லாவற்றையும் திறந்தவெளியில் செய்யுங்கள். ஷட்டர் போட்ட கடைக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. லுங்கி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை எதுவும் செயின் பக்கம் போகக் கூடாது.

படி 1: சத்தம் எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சினிலா, சூடானதிலா? நிற்கும்போதா, ஓடும்போதா? கிளட்சைப் பிடித்தால் மாறுகிறதா? எந்த கியரில், எந்த வேகத்தில்? ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதா, விடும்போதா? இரண்டு நாள் கவனித்து எழுதினால் பாதிச் சந்தேகம் தானாக விலகிவிடும்.

இதில் முதலில் பிரிக்க வேண்டியது, சத்தம் எஞ்சின் வேகத்தோடு போகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு போகிறதா என்பது. எஞ்சினை அணைத்து நியூட்ரலில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் அது செயின், ஸ்பிராக்கெட், வீல் பேரிங், பிரேக் ஷூ இவற்றில் ஒன்று. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது மட்டும் வந்தால் எஞ்சின் அல்லது அதில் தொங்கும் ஏதாவது. எஞ்சின் சத்தம் என்று வருகிற வண்டிகளில் கணிசமானவை தளர்ந்த செயின் கவரில் உரசுகிற வண்டிகள்தான். செயினை அடிப்பக்கம் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். சுமார் 25 மி.மீ. ஆட்டம் இருக்கலாம். அதைவிட மிக அதிகம் என்றால் முதலில் அதை இறுக்குங்கள்.

படி 2: ஆயில்

எதைச் செய்தாலும் இதைச் செய்யாமல் மேலே போக வேண்டாம். ஆயில் குறைந்தால் டேப்பெட், டைமிங் செயின் (கிராங்கிலிருந்து வால்வுப் பகுதியைச் சுற்ற வைக்கும் உள் செயின்), பிஸ்டன் எல்லாமே ஒரே நேரத்தில் கத்தும்.

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மூன்று நிமிடம் ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் திருகாமல்) ஓட விட்டு அணையுங்கள். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ஆயில் மூடியோடு சேர்ந்த குச்சியைத் துடைத்து, மறுபடி உள்ளே வையுங்கள். திருகி மூடக் கூடாது, சும்மா உட்கார வைத்து எடுக்க வேண்டும். பலர் திருகிவிட்டுப் பார்ப்பதால் ஆயில் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி.

அளவு சரி, ஆனால் மாற்றி எவ்வளவு நாள் ஆயிற்று என்று தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். கிரேடு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதுதான். சத்தம் போகட்டும் என்று கெட்டியான ஆயில் ஊற்றுவது வேண்டாம். சத்தம் கொஞ்சம் அமுங்கும், தேய்மானம் அப்படியே நடக்கும், குளிர்ந்த நேரத்தில் ஆயில் மேலே ஏறவும் தாமதமாகும்.

பழைய ஆயிலை வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்து வெயிலில் காட்டுங்கள். கறுப்பாக இருப்பது இயல்பு. வெள்ளிப் பொடி தூவியதுபோல் மினுமினுத்தால் எங்கோ உலோகம் தேய்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஆயிலில் அலசுங்கள். ஒட்டிக்கொண்டு வருவது இரும்பு: கியர், பேரிங், டைமிங் செயின் பக்கம். ஒட்டாமல் மினுமினுப்பது பெரும்பாலும் அலுமினியம்: பிஸ்டன், கேஸிங், கிளட்ச் பக்கம். இந்தக் குறிப்பையும் தாளில் எழுதுங்கள், கடைசியில் தேவைப்படும்.

படி 3: வெளியே ஆடுவது எல்லாம்

எஞ்சினை ஐடிலில் விட்டு, கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்: கிராஷ் கார்டு, சைலன்சர் மேலிருக்கும் தகடு, செயின் கவர், சைடு பேனல், நம்பர் பிளேட். அழுத்தும்போது சத்தம் நின்றால் வேலை முடிந்தது. ஒரு வாஷர் போதும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கிர்ரென்று வந்து, அதைத் தாண்டினால் நின்றுவிடும் சத்தம் பெரும்பாலும் இந்த வகைதான். எஞ்சினை ஃபிரேமோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் மறக்காமல் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

படி 4: ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்பது

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் திருநெல்வேலியில் ஒரு பழைய மெக்கானிக். "அண்ணாச்சி, சத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான கேக்குது" என்றேன். "காத்துல கேட்டா அப்படித்தான் இருக்கும் தம்பி. இரும்புல கேளு" என்றார்.

நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பிடியின் முனையைக் காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மடலில் அழுத்துங்கள். காதுக்குள் நுழைக்கக் கூடாது. கம்பி முனையை எஞ்சின்மேல் ஒவ்வோர் இடமாக வையுங்கள்: மேலே டேப்பெட் மூடி, கீழே டேப்பெட் மூடி, ஹெட்டின் (சிலிண்டரை மூடும் தலைப்பகுதி) இடப்பக்கம், பிளாக், இடது மேக்னெட் கவர் (மின்சாரம் தயாரிக்கும் சக்கரத்தின் மூடி), வலது கிளட்ச் கவர். மற்றவை மங்கி, அந்த இடத்துச் சத்தம் மட்டும் தலைக்குள் பளிச்சென்று விழும். எங்கே கூர்மையாக இருக்கிறதோ அங்கே குறியிட்டுக்கொள்ளுங்கள். நல்ல எஞ்சினிலும் நிறையச் சத்தம் கேட்கும். அதனால் முடிந்தால் அதே மாடல் நண்பர் வண்டியில் ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள்.

தாளத்தையும் கவனியுங்கள். ஐடிலில் கிராங்க் நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்று சுற்றும், நொடிக்கு 23. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகம், நொடிக்குக் கிட்டத்தட்ட 12. ஒரு வால்வின் டேப்பெட் தட்டினால் இந்த மெதுவான தாளத்தில்தான் தட்டும். கிராங்க், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சம்பந்தப்பட்டது என்றால் பெரும்பாலும் இரட்டை வேகம். எண்ண முடியாது, ஆனால் மெதுவா வேகமா என்று காது சொல்லிவிடும்.

பிஎஸ் 6 (புகை அளவு விதி) வண்டி, அதாவது 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான வகை என்றால் ஒன்று. அதில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் இருக்கிறது. அது மெல்ல டிக் டிக் என்று அடிப்பது இயல்பு. அதைத் தேடி அலைய வேண்டாம்.

படி 5: சைலன்சர் கசிவு

இதுதான் என் வண்டியில் இருந்தது. டேப்பெட் என்று இரண்டு முறை ஏமாந்ததற்கு ஒரு காரணம் உண்டு. புகை வெளியேறுவதும் கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். ஆகவே கசியும் இடத்தில் வரும் டக் டக்கும் டேப்பெட்டின் டக் டக்கும் ஒரே தாளம். போதாததற்கு, கீழ் டேப்பெட் மூடிக்கும் சைலன்சர் பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்துக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை.

அப்புறம், சூடானால் ஏன் நிற்கிறது? பைப்பும் அதை ஹெட்டோடு பிடிக்கும் ஃபிளாஞ்சும் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். குளிர்ந்ததும் திறந்துகொள்ளும். "காலையில் வரும், பிறகு போய்விடும்" என்று தாளில் எழுதியிருந்தால் டேப்பெட்டைத் தொடும் முன் இங்கே பாருங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்து, பைப் ஹெட்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். என் வண்டியில் அந்த மூட்டிலிருந்து பக்கத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் அலுமினிய இதழ்வரை, கண்மை தீற்றியதுபோல் ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தது. விரலில் தொட்டால் பொடியாக ஒட்டியது. அந்தக் கரிக்கோடுதான் சாட்சி.

உறுதி செய்ய இரண்டு வழி. சோப்புத் தண்ணீரை மூட்டில் தடவி, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் நுரை குமிழியிடும். சூடாகும் முன் பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, ஈரத் துணியை மடித்து சைலன்சரின் பின்வாயை ஓரிரு நொடி பாதி மறையுங்கள். கசிவு இருந்தால் முன்பக்க டக் டக் பலமாகும். டேப்பெட் என்றால் மாறாது.

சரிசெய்வது சுலபம், அவசரப்பட்டால் மட்டும் கெடும். ஃபிளாஞ்சைப் பிடிப்பது இரண்டு சிறிய ஸ்டட் (தலையில்லாத போல்ட்). நட்டுக்கு 10 நம்பர் ஸ்பேனர். துருப்பிடித்த நட்டைப் பலமாகத் திருகினால் ஸ்டட் ஹெட்டிலேயே முறிந்துவிடும். பிறகு லேத்துக்குத்தான் போக வேண்டும். முந்தைய இரவே கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, துரு நீக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். காலையில் குளிர்ந்த நிலையில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றுங்கள். பைப்பை இறக்கினால் உள்ளே வளையம் போன்ற பேக்கிங் இருக்கும். ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியாக உட்காராது. புதிதாகவே போடுங்கள், விலை மிகக் குறைவு. சைலன்சரின் பின் போல்ட்டைத் தளர்வாக விட்டு, முன் நட்டுகளை மாறி மாறிக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, கடைசியில் பின் போல்ட்டை இறுக்குங்கள். பின்னால் முதலில் இறுக்கினால் பைப் கோணலாக நின்று ஒரு மாதத்தில் மறுபடி கசியும்.

படி 6: டேப்பெட்

டிக் டிக் என்று லேசான உலோகச் சத்தம், ஸ்க்ரூ டிரைவரில் டேப்பெட் மூடியின் மேல் பளிச்சென்று கேட்கிறது, கரிக்கோடும் இல்லை. இப்போது டேப்பெட்டைத் திறக்கலாம்.

தேவை: ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ரிங் ஸ்பேனர்கள், 14 நம்பர் சாக்கெட், பிளக் ஸ்பேனர், டேப்பெட் திருகும் சாவி. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தைய இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவதுதான் நல்லது. வெதுவெதுப்பில் வைத்த இடைவெளி தவறாகவே இருக்கும்.

பிளக் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். மேல், கீழ் டேப்பெட் மூடிகளைத் திறங்கள். இடது கவரில் உள்ள இரண்டு வட்ட மூடிகளையும் எடுங்கள். நடு மூடிக்குள் தெரியும் நட்டில் 14 சாக்கெட்டை மாட்டி, எஞ்சினை இடஞ்சுழியாக, அதாவது சக்கரம் முன்னே போகும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். மேலே உள்ள சிறு துளையில் மேக்னெட்டில் வெட்டியிருக்கும் "டி" எழுத்துக் கோடு கவரின் குறியோடு நேராக வர வேண்டும்.

இங்கேதான் அதிகம் பேர் தவறுவது. ஒவ்வொரு சுற்றிலும் "டி" வரும். ஆனால் ஒன்றுவிட்டு ஒன்றில்தான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். இரண்டு ராக்கர் ஆர்மையும் (வால்வை அழுத்தும் கைகள்) விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால் சரியான இடம். இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி "டி"க்கு வாருங்கள்.

இடைவெளி ஸ்ப்ளெண்டர் வகையில் பொதுவாக 0.08 மி.மீ. பழைய சில மாடல்களில் 0.05. உங்கள் கையேட்டில் உள்ள எண்தான் இறுதி. அந்தத் தகட்டை ஆயிலில் தொட்டு, திருகுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் நுழையுங்கள். கனமான நோட்டுப் புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவுவதுபோல் மெல்லிய பிடிப்போடு வர வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி, சாவியால் திருகைச் சரிசெய்து, சாவியை அசையாமல் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது திருகு கொஞ்சம் நகரும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி தகட்டை விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். நான் அப்புறம் எஞ்சினை இரண்டு சுற்று கையால் சுற்றி மூன்றாவது தடவையும் பார்ப்பேன்.

சத்தமே வரக் கூடாது என்று இறுக்கிவிடாதீர்கள். டேப்பெட் கொஞ்சம் தட்டுவதுதான் ஆரோக்கியம். இடைவெளி இல்லாமல் வைத்தால் எஞ்சின் சூடாகும்போது வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு கருகும், கம்ப்ரஷன் போகும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. சத்தமில்லாமல் கெடுவதால் கண்டுபிடிக்கவும் நாளாகும்.

அளவு சரியாக வைத்தும் தட்டினால், திருகின் முனையைப் பாருங்கள். அங்கே சிறு குழி விழுந்திருந்தால் தட்டையான தகடு குழிக்குமேல் பாலம்போல் நிற்கும். தகடு 0.08 என்று காட்டும், உண்மை இடைவெளி அதைவிட அதிகம். முனை மட்டும் தேய்ந்திருந்தால் திருகு மாற்றினால் போதும். ராக்கர் ஆர்மோ கேமோ தேய்ந்திருந்தால் ஹெட்டைப் பிரிக்க வேண்டும்.

படி 7: டைமிங் செயின், கிளட்ச்

ஹெட்டின் இடப்பக்கம் சர சர அல்லது கட கட என்று, ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுத் திருகும்போது அதிகமாகக் கேட்டால் டைமிங் செயின். அதை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர் தானாகவே இறுக்கிக்கொள்ளும் வகை. வெளியே திருகுவதற்கு ஒன்றுமில்லை. ஸ்டார்ட் செய்த ஓரிரு நொடி மட்டும் சர சரத்து அடங்கினால் ஆயில் மேலே ஏற எடுக்கும் நேரம் அது, கவலை வேண்டாம். தொடர்ந்து வந்தால் செயினோடு ரப்பர் ரோலர்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். செயின் மட்டும் மாற்றினால் தேய்ந்த ரோலரில் புதுச் செயின் மறுபடி ஆடும். மேக்னெட் கழற்ற புல்லர் வேண்டும் என்பதால் இதை நான் வீட்டில் செய்வதில்லை.

நியூட்ரலில் வலப்பக்கம் கேட்கும் சத்தம் கிளட்சைப் பிடித்ததும் மாறினால், கிளட்ச் ஹவுசிங் அல்லது கியர்பாக்ஸ் பேரிங். முதலில் கிளட்ச் கேபிளில் லிவர் நுனியில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள்.

படி 8: மேட்டில் மட்டும் வரும் கிண் கிண்

பின்னால் ஆள் உட்கார்ந்து, நான்காவது கியரில் பாலம் ஏறும்போது மட்டும் கண்ணாடிக் கோலி குலுங்குவதுபோல் வந்தால் எதுவும் தேய்ந்ததால் அல்ல. பெட்ரோல் காற்றுக் கலவை நேரம் தப்பி வெடிக்கிறது. முதலில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள். போகவில்லை என்றால் பிளக் கையேட்டில் சொன்ன வகைதானா, சிலிண்டரில் கரி படிந்திருக்கிறதா, கார்புரேட்டர் பெட்ரோல் குறைவாகத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்க்கை ஒருமுறை மாற்றிப் பார்ப்பதும் நல்லது.

படி 9: வீட்டில் தொடக் கூடாதவை

குளிரில் பிளாக்கில் தடதடத்து, சூடானதும் குறைவது பிஸ்டன் போரில் (சிலிண்டரின் உள்துளை) ஆடும் சத்தமாக இருக்கலாம். படி 5-ல் கசிவு இல்லை என்று உறுதியானால்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும். கூடவே வெள்ளைநீலப் புகையும் ஆயில் குறைவதும் இருந்தால் போர் வேலை வந்துவிட்டது. கிராங்க் பகுதியில் சூடான பிறகும் குறையாத டொக் டொக் என்றால் கனெக்டிங் ராடின் பேரிங். இந்த எஞ்சினில் கிராங்க் அழுத்திப் பொருத்திய வகை, அதைப் பிரிக்கவும் சேர்க்கவும் பிரஸ் வேண்டும். வீட்டுச் சுத்தியலுக்கு அங்கே வேலை இல்லை.

மெக்கானிக்கிடம் போகும்போது அந்தத் தாளையும், குளிர்ந்த எஞ்சினில் மொபைலில் பதிவு செய்த சத்தத்தையும், ஆயிலில் ஒட்டியதை மடித்துவைத்த காகிதத்தையும் கொண்டு போங்கள். முந்தைய இரவே வண்டியை அங்கே விட்டுவிட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை அவர் காதால் கேட்கச் சொல்லுங்கள். பிளாக் திறக்கும்போது பக்கத்தில் இருங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த பிஸ்டனின் பக்கவாட்டுக் கீறலை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தவருக்கு, அடுத்த முறை ஆயில் மாற்றும் நாள் தானாக நினைவுக்கு வரும்.